மாஸ்டர் காலை மடக்கி உட்கார்ந்த நாள்

1. பானட் ஜெபம்

டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் கையைச் சுட்டுக்கொண்டேன். சித்திரை வெயில். வண்டி அப்போதுதான் சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் போய்த் திரும்பி, செங்கல்பட்டில் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தது. அடுத்த ஸ்டூடன்ட் ஏறுவதற்கு முன்னால் முதலாளி ஜெயசீலன் மாஸ்டர் பானட் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஜெபம் பண்ணினார்.

"இந்த நாலு வீலையும் உம்முடைய இரத்தத்தாலே மூடும் ஆண்டவரே!"

மாஸ்டரும் நானும் ஒரே சபை. சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று நானும் பானட் மேல் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். மாஸ்டர் கை மட்டும் அசையவே இல்லை. எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்று அசந்துபோனேன். ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன பிறகுதான் பார்த்தேன், அவர் கைக்கு அடியில் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி இருந்தது.

பெண்கள் கார் கற்றுக்கொள்ள வரும்போது வண்டியில் இன்னொரு பெண் இருந்தால்தான் வீட்டில் அனுப்புகிறார்கள் என்று மாஸ்டர் என்னை வேலைக்கு எடுத்தார். பின் சீட்டில் துணைக்கு உட்காரத்தான் போனேன். உட்கார்ந்து உட்கார்ந்தே தொழில் பிடிபட்டு, இப்போது முன் சீட்டில் இருந்து நானே சொல்லித்தருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், "ரோஸி அக்கா, உங்க ஸ்கூல்ல மட்டும் ஏன் டெஸ்ட்ல அப்படி உட்கார்றீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார். ஸ்டூடன்ட் மேல் கை நீட்ட மாட்டார். வண்டியை மதில் சுவரில் கொண்டுபோய் இடித்தாலும், "ஸ்தோத்திரம், பம்பரு மட்டும்தான் போச்சு" என்பார். சபைக் கமிட்டியில் இருந்தார். வண்டியின் பின் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். எழுத்துக்கு நடுவில் கிடைத்த சந்தில்தான் பின்னால் வரும் லாரியைப் பார்க்க வேண்டும்.

2. தூதன்

எல்லா டிரைவிங் ஸ்கூல் வண்டியையும் போல எங்கள் வண்டியிலும் மாஸ்டர் உட்காரும் பக்கம் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. டூயல் கன்ட்ரோல் என்பார்கள். ஸ்டூடன்ட் தடுமாறினால் மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துவார். இரண்டையும் ஒரே கம்பி இணைப்பதால், அவர் மிதித்தால் ஸ்டூடன்ட் பக்கத்துப் பெடலும் தானாக உள்ளே போகும். கற்றுக்கொடுக்கும்போது இது வேண்டும். லைசென்ஸ் டெஸ்ட் நடக்கும்போது மாஸ்டர் இதைத் தொடக் கூடாது.

எங்கள் மாஸ்டர் தொடுவார். பின் சீட்டில் உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கும் ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல், முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டு, கால் கட்டை விரலால் அழகாகத் தொடுவார். அந்தப் பெடலுக்கு எங்கள் ஸ்கூலில் வைத்த பெயர் தூதன். "பயப்படாதம்மா, ஆண்டவர் தூதனை அனுப்புவாரு" என்று மாஸ்டர் சொன்னால், டெஸ்டில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஸ்டூடன்ட் எல்லோருக்கும் இது தெரியும். பத்தாம் நம்பர் செருப்பு போட்ட தூதன்.

அந்தப் பெடலுக்கு நேர் மேலே, டேஷ்போர்டில், 'கர்த்தர் பார்க்கிறார்' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஒட்டியவரும் மாஸ்டர்தான்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, சபையில் கர்த்தர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் மாஸ்டர் எழுந்து நிற்பார். "இந்த மாசமும் நம்ம ஸ்கூல்ல டெஸ்டுக்குப் போன எல்லாரையும் கர்த்தர் பாஸ் பண்ண வச்சாரு!" என்பார். சபை முழுக்க அல்லேலூயா சொல்லும். என் குரலும் அதில் கேட்கும். பின் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். ஆனாலும் ஆராதனை நடுவில் யார் வாயைத் திறப்பார்கள்?

3. சலோமி

சலோமி செய்யூர்ப் பக்கத்துப் பெண். மாமல்லபுரம் தாண்டி ஒரு கடற்கரை ரிசார்ட்டில் லாண்டரி வேலை. படுக்கை விரிப்புகளை பிளீச்சில் ஊறவைத்து ஊறவைத்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருவாள். அவள் இறங்கிய பிறகு மாஸ்டர் மஞ்சள் துணியால் ஸ்டியரிங்கை நாலு தரம் துடைப்பார்.

அந்த ரிசார்ட்டில் விருந்தாளிகளை அறையிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுபோய் விட ஒரு பேட்டரி வண்டி வாங்கியிருந்தார்கள். அதை ஓட்ட ஒரு பெண் வேண்டும் என்று மேனேஜர் சொன்னாராம். இந்த மாதத்துக்குள் லைசென்ஸ் கொண்டுவந்தால் சலோமிக்கு அந்த வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். "டாக்டரு லாண்டரிய வுட்டாத்தான் கை ஆறும்னு சொல்லிட்டாருக்கா. வுட்டுட்டு இன்னா பண்றது? வூட்ல என் சம்பளம்தான் சோறு" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. எப்படியாவது இவள் பாஸ் பண்ணிவிட வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

ஓட்டுவதில் அவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். கிளட்ச்சிலிருந்து காலை எடுக்க மாட்டாள். முழுதாக மிதிக்கவும் மாட்டாள், முழுதாக விடவும் மாட்டாள். மாஸ்டர் தினமும் கத்துவார்.

"கிளட்ச்சு மேல கால வச்சிகினே ஓட்டாதம்மா! பிளேட்டு கருகிடும். ஒண்ணு மிதி, இல்ல எடு. நடுவுல நிக்காத!"

பானட் ஜெபத்தின்போது சலோமி கையை வைக்க மாட்டாள். ஓரமாக நின்று, உதடு மட்டும் அசைய ஏதோ சொல்வாள். "இன்னாம்மா, கேக்கவே இல்ல?" என்பார் மாஸ்டர். "அவருக்குக் கேட்டுச்சு மாஸ்டர்" என்பாள். மாஸ்டருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

டெஸ்டுக்கு முன்தினம் மாஸ்டர் வழக்கம்போலத் தூதனைப் பற்றிச் சொன்னார். சலோமி தலையை ஆட்டவில்லை. "வேணாம் மாஸ்டர், நானே ஓட்டிக்கிறேன்" என்றாள். மாஸ்டர் சிரித்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் முன்தினம் வீரமாகத்தான் பேசும்.

4. மேடு

டெஸ்ட் மைதானத்தில் ஒரு மேடு கட்டியிருப்பார்கள். பாதி மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் மறுபடி கிளப்ப வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் கிளட்ச்சும் ஆக்சிலேட்டரும் ஒரே நேரத்தில் கை காலுக்குப் பழகியிருக்க வேண்டிய இடம். அதுவரைக்கும் சலோமி நன்றாகத்தான் ஓட்டினாள். ரிவர்ஸ் கூட வெண்ணெய் மாதிரி வந்தது. நானும் இன்ஸ்பெக்டரும் பின் சீட்டில் இருந்தோம்.

மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது ஹேண்ட் பிரேக்கைச் சீக்கிரம் விட்டுவிட்டாள். வண்டி பின்னால் நகர்ந்தது. உடனே வண்டி டக்கென்று நின்றது. இரண்டாம் முறை கிளப்பினாள், ஏறிவிட்டது.

"பரவால்லம்மா. உருண்டாலும் உடனே பிரேக் போட்டுப் புடிச்சிட்ட. பாஸ்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் மூச்சு விட்டேன். சலோமி வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

"சார், அந்தப் பிரேக்க நான் போடல சார்."

"என்னம்மா சொல்ற?"

"என் காலு கிளட்ச்சு மேலயும் ஆக்சிலேட்டரு மேலயும் இருந்துச்சு சார். பிரேக்கு தானா உள்ள போச்சு. மாஸ்டரு போட்டாரு."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு ஆட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் முன்னால் எக்கி, மாஸ்டரின் காலைப் பார்த்தார். பிறகு அதற்கு நேர் மேலே இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் நல்லா இருக்கு மாஸ்டர்" என்றார். "இந்தப் பொண்ணு ஃபெயில். அடுத்த வாரம் கூட்டினு வாங்க. அன்னிக்கு உங்க கால் எங்க இருக்குன்னு நான் பார்த்துகினே இருப்பேன்."

மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் மாஸ்டர் வெடித்தார்.

"உனக்கு நல்லது பண்ணப் போய் எனக்கு அசிங்கம்! அவரு பாஸ்னு சொல்லிட்டாரே, வாய மூடிகினு எறங்க வேண்டியதுதான? மாசம் முடியப் போவுது. உன் கையப் பாரு. இந்த வேல உனக்கு வேணுமா, வேணாமா?"

சலோமி அழுதுவிட்டாள். அழுதுகொண்டேதான் பேசினாள்.

"வேணும் மாஸ்டர். ஒரு வாரமா மத்தியானச் சாப்பாட்ட வுட்டு உபவாசம் இருந்து கேட்டுகினு கீறேன். அவர்கிட்ட கேட்டுட்டு, அவரு பாக்காத மாதிரி வாங்கினு வந்தா அது இன்னா ஜெபம்? அங்க பீச்சுக்கு எறங்குற எடத்துல சரிவு கீது. கொழந்தைங்கள வச்சிகினு ஏறுவாங்க. வண்டி பின்னால உருண்டா நீங்க வந்து மிதிப்பீங்களா?"

மாஸ்டர் டீயைக் கையில் வைத்தபடியே நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஆனால் விடாமல் கேட்டாள்.

"கர்த்தர் பாக்குறாருன்னு ஒட்டி வச்சிகீறீங்க. டேஷ்போர்டுக்கு மேல மட்டும்தான் பாப்பாரா மாஸ்டர்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அவளை பஸ் ஏற்றிவிட்டேன். திரும்பி வரும்போது மாஸ்டர் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும், "நான் தினமும் அந்தப் பொண்ணுக்குச் சொல்றத அது எனக்குச் சொல்லிட்டுப் போவுது ரோஸி. ஒண்ணு மிதி, இல்ல எடு" என்றார்.

5. சாட்சி

அடுத்த ஞாயிறு மாதத்தின் கடைசி ஞாயிறு. பாஸ்டர் வழக்கம்போல, "பிரதர் ஜெயசீலன் சாட்சி சொல்லுவாரு" என்றார். மாஸ்டர் எழுந்து நின்று மைக்கை வாங்கினார்.

"இந்த மாசம் நம்ம ஸ்கூல்ல ஒரு பொண்ணு ஃபெயில். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

பழக்கதோஷத்தில் சபையே அல்லேலூயா சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா, "இன்னாங்க, ஃபெயிலுன்னா சொன்னாரு?" என்று பக்கத்தில் கேட்டது மைக்கிலேயே விழுந்தது.

மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். தூதனைச் சொன்னார், கட்டை விரலைச் சொன்னார், மஞ்சள் துணியைக்கூட விடவில்லை. "கர்த்தர் பாஸ் பண்ண வச்சாருன்னு இங்க நின்னு சொன்னேனே, அது கர்த்தர் இல்ல, நான்" என்றார். எப்போதும் உரக்கப் பேசும் மாஸ்டர் குரல் அன்று மைக்கிலும் கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. அங்கே போனால் ஃபெயிலாக்கிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சாகி, எங்களிடம் சேர இருந்தவர்கள் பலர் வேறு ஸ்கூல் பார்த்துப் போனார்கள். சபையிலேயே ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாட்சி கேட்டுக் கண்ணீர் விட்டவர்தான் அவரும்.

6. மறுபடியும் மேடு

சலோமிக்கு அந்த வாரம் முழுக்க மாஸ்டர் மேட்டை மட்டும்தான் பழக்கினார். தினமும் ஷிப்ட் முடிந்து வந்து, இருட்டுவதற்குள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கிளட்ச் வாடை எங்கள் துணியில் எல்லாம் ஏறிவிட்டது. டெஸ்ட் அன்று காலை பானட் ஜெபம் இல்லை. மாஸ்டர் செருப்பைக் கழற்றிக் கால் வைக்கும் இடத்தில் ஓரமாக வைத்தார். சீட்டில் ஏறி, இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டார். பெரிய உடம்பு, சின்ன சீட்டு. முட்டி ஒன்று கதவில் இடித்தது, இன்னொன்று கியர் பக்கம் வராமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மாஸ்டர், பந்தியில உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துட்டீங்க? இலை போடட்டுமா?"

"நீங்க பாக்குறேன்னு சொன்னீங்களே சார். நல்லா தெரியட்டும்னுதான்."

பாதி மேட்டில் வண்டி நின்றது. இந்த முறை அவளுக்காக மிதிக்க யாரும் இல்லை. நான் பின் சீட்டின் ஓரத்தில் இருந்ததால் மாஸ்டரின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. நெற்றியில் வேர்வை. கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. சலோமி ஓரமாக நின்று ஜெபம் பண்ணுவாளே, அதே மாதிரி. எத்தனையோ வருஷம் அவர் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னவள் நான். மாஸ்டர் உண்மையாகவே ஒன்றைக் கேட்டு ஜெபம் பண்ணி அன்றைக்குத்தான் பார்த்தேன். கால் பெடல் மேல் இருந்தவரைக்கும் அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது, அவளே பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சலோமி கிளட்ச்சை மெல்ல எடுத்தாள், இன்ஜின் இழுத்துப் பிடித்தது, ஹேண்ட் பிரேக்கை விட்டாள். ஏறினோம். மேட்டின் உச்சியில் அவள் இடது காலைக் கிளட்ச்சிலிருந்து முழுதாக எடுத்துத் தரையில் வைத்தாள். இன்ஸ்பெக்டர், "இது உன்னோட பிரேக்குதான?" என்றார். "இப்ப என்னோடதுதான் சார்" என்றாள்.

லைசென்ஸ் கிடைத்து, லாண்டரியிலிருந்து அந்த மாதமே அவளைப் பேட்டரி வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் கையும் ஆறிவிட்டது.

மாஸ்டர் ஓய்வெடுத்துக்கொண்டு வண்டியை என்னிடம் விட்டுவிட்டார். டெஸ்ட் நாளில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறேன். வயதாகிவிட்டது, முட்டி வலிக்கிறது. முந்தாநாள் ஒரு பெண் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பண்ணிகினுதான் கீறேன். நீ ஓட்டு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.