அத்தையின் கேமரா மக்கர் செய்த காலை

அத்தையின் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் எங்கள் வீட்டில் ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஒரே ஒரு படம்தான். மூன்று பேர் நிற்க வேண்டும், ஒருவர் பொத்தானை அமுக்க வேண்டும்.

நாங்கள் அப்போது மலேசியாவில், சிரம்பானுக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, சிரம்பானில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்தார். அத்தை இருவருக்கும் தங்கை. காலையில் பேக்டரி பஸ் ஏறிப் போய், நீலக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவார். ‘எலக்ட்ரானிக்’ என்று அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் பெயர். அதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு இல்லை. சித்தப்பா சி ரூசா என்ற ஊரில் ஒரு கிறிஸ்துவக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அப்பா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாததோடு விட்டிருக்கலாம். கோயிலில் நடக்காத கல்யாணம் தனக்குக் கல்யாணமே இல்லை என்று தோட்டத்து ஆபீஸ் முன்னால் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். அது அன்றைக்கே சித்தப்பாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு வந்த இரண்டு தீபாவளிக்கும் சித்தப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

தங்கையின் கல்யாணம் என்றால் வந்துதானே ஆக வேண்டும்? மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். கூடாரம் போட்டார், நாற்காலி இறக்கினார், விளக்குச் சரம் கட்டினார். ஆனால் அண்ணனோடு பேசவில்லை. பேச வேண்டியதெல்லாம் என் வழியாகப் போனது. பத்து வயதில் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே தபால்காரியாக இருப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று காலை அத்தை தன்னுடைய கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி நிறக் கேமரா. பிலிம் போட வேண்டாம், எடுத்த உடனே படத்தைப் பார்க்கலாம். எங்கள் லயத்து வீடுகளில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை.

“பெரியண்ணே ஒரு பக்கம், சின்னண்ணே ஒரு பக்கம், நான் நடுவுல. அப்படி ஒரு படம் வேணும்,” என்றார். “அது இல்லாம சாயங்காலம் நான் நலங்குக்கு உக்கார மாட்டேன்.”

அத்தை பிடிவாதக்காரர் இல்லை. அதனாலேயே அவர் அப்படிச் சொன்னதும் இரண்டு அண்ணன்களும் மறுபேச்சில்லாமல் வந்து நின்றார்கள். நின்றது என்னவோ ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அறிமுகமில்லாத இருவரைப் போலத்தான். கேமராவை சித்தி வாங்கிக்கொண்டார். அவர் வந்ததிலிருந்து அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதும் கேமராவைப் பார்ப்பது போல அதற்கு மேலே தெரிந்த கூடாரத்தைத்தான் பார்த்தார்.

சித்தி பொத்தானை அமுக்கினார். திரை ஒரு தடவை மின்னி அணைந்தது.

“பேட்டரி வீக் போலலா,” என்றார் அத்தை. “யாரும் நகராதீங்க. இப்ப சரியாயிரும்.”

சித்தப்பா கூடாரத்துக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, “பாப்பா, உங்கப்பாவ கேளு, டார்ச்லைட்டுல பேட்டரி இருக்கான்னு,” என்றார்.

அப்பாவும் எதிர்ப்பக்கக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, “உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, டார்ச்லைட்டு பேட்டரி தடியா இருக்கும், இதுக்குள்ள நுழையாதுன்னு,” என்றார்.

நான் கேள்வியை அந்தப் பக்கமும் பதிலை இந்தப் பக்கமும் ஒரு சொல் குறையாமல் சேர்த்தேன். இருவருக்கும் முதல் தடவையே காதில் விழுந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அது என் வேலை.

கடைசியில் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் டிவி ரிமோட்டிலிருந்தும் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு வந்தேன். போட்டதும் திரை எரிந்தது, உடனே செத்தது. சித்தப்பாவின் கை அதற்கு மேல் சும்மா இருக்கவில்லை. நின்ற இடத்தை விட்டு வந்து கேமராவை வாங்கி, பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த சின்னத் தகட்டில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. என் பள்ளிக்கூட ரப்பரைக் கேட்டு வாங்கி, அதன் முனையால் தேய்க்க ஆரம்பித்தார்.

டிராக்டர்காரருக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தார். “மூடியில ஒரு தகடு இருக்கு பாரு. அதையும் தேய்க்கச் சொல்லு,” என்றார் என்னிடம். நான் சொல்வதற்கு முன்பே சித்தப்பா அதைத் தேய்த்துவிட்டார்.

இந்தத் தடவை திரை நின்று எரிந்தது. லென்ஸ் வெளியே வந்தது. பாதி தூரம் வந்து, ‘கிர்ர்’ என்று இரண்டு மூன்று தரம் முனகி, அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நின்றுகொண்டார். சித்தப்பா லென்ஸை இரண்டு விரலால் பிடித்து உள்ளே தள்ளப் பார்த்தார்.

“டேய், அமுக்காதடா. உள்ள சக்கரத்துப் பல்லு உடஞ்சிரும்,” என்றார் அப்பா.

அது என் வழியாக வரவில்லை.

சித்தி தரையைப் பார்த்தார். நான் வழக்கம்போல அதைச் சித்தப்பாவிடம் சேர்ப்பதற்கு வாயைத் திறந்தேன். பின்னால் வந்து நின்ற அம்மா, வெங்காயம் உரித்த கையால் என் வாயைப் பொத்தினார்.

“இல்லண்ணே,” என்றார் சித்தப்பா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். “சும்மா புடிச்சுத்தான் இருக்கேன்.”

“மணலு போயிருக்கும். போன வாரந்தானே இவ கூட்டாளிங்களோட கடலுக்கு எடுத்துட்டுப் போனா. கவுத்துப் புடி. லென்ஸு கீழ பாக்கணும். ஆங், அப்படித்தான். ஓரத்துல ஊது.”

சித்தப்பா ஊதினார். அப்பா ஊதினார். என் வண்ணப் பெட்டியிலிருந்த தூரிகையைக் கேட்டு வாங்கினார்கள். இருவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் கவிழ்த்துப் பிடிக்க, மற்றவர் லென்ஸைச் சுற்றி இருந்த இடுக்கில் தூரிகையை ஓட்டினார். உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினார்கள். பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார்கள். கல்யாணச் சமையல்காரர் வந்து இரண்டு தரம் ஏதோ கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமல் திரும்பினார். எத்தனையாவது முயற்சியிலோ லென்ஸ் ஒரு முனகலும் இல்லாமல் முழுதாக வெளியே வந்தது. சித்தப்பா அப்பாவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கையை உடனே எடுத்துக்கொண்டார்.

சித்தி மறுபடி அமுக்கினார். படம் விழவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. படிப்பதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

“கார்டு லாக் ஆயிருச்சாம்,” என்றேன்.

“லாக்கா? அப்ப சாவி எங்க?” என்றார் அப்பா, உண்மையாகவே.

சித்தப்பா சிரித்துவிட்டார். “அண்ணே, சாவி இல்லாம டிராக்டரையே ஸ்டார்ட் பண்ற ஆளு நீ. இதுக்குப் போய் சாவி கேக்கிற.”

அப்பாவும் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பார்கள் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். கார்டை வெளியே எடுத்து ஊதினார்கள், துடைத்தார்கள், திரும்பப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கேமரா அப்பாவின் மடியில் சும்மா கிடக்க, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பட்டறையில் வேலை எப்படி என்று அப்பா கேட்டார். முதுகு வலி இன்னும் இருக்கிறதா என்று சித்தப்பா கேட்டார். எனக்கு வெயிலில் நின்று கால் வலித்தது. படம் எடுக்கத் தெரியாதவர்கள் எதற்கு எடுக்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் அத்தை வந்து, “குடுங்க, நான் பாக்கறேன்,” என்று கேமராவை வாங்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அடுத்த நிமிடம், “சரியாப் போச்சு,” என்றார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

மறுபடியும் வரிசையில் நின்றார்கள். இப்போது பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இல்லை. சித்தி கேமராவைத் தூக்கியபோது அப்பா, “நீ எதுக்கும்மா அங்க நிக்கிற?” என்றார். “இங்க வா. பாப்பா எடுப்பா.”

சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். சித்தி கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், சித்தப்பாவின் பக்கத்தில் நின்றார். அப்பா, அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டிருந்த அம்மாவையும் கூப்பிட்டார். நான் அமுக்கினேன்.

நான் எடுத்த முதல் படம் அது. சித்தப்பாவின் ஒரு தோள் வெட்டுப்பட்டிருக்கும். அப்பாவின் தலையிலிருந்து கூடாரக் கம்பம் முளைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிக் கழற்றிப் போட்டதில் கேமராவுக்குத் தேதி மறந்துவிட்டது. படத்தின் மூலையில் ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதி, அண்ணன் தம்பி சண்டைக்கு முந்தைய வருடத்தைச் சேர்ந்தது, மஞ்சளாக விழுந்திருந்தது. அதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே பெரிதாக்கி, இரண்டு வீட்டிலும் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

அந்த வருட தீபாவளிக்கு சித்தப்பா குடும்பம் எங்கள் வீட்டில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் சி ரூசா போனோம். சித்தியின் தாயார் வைத்த குழம்பை அப்பா மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பல வருடங்கள் கழித்து, அப்பா சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி வாரங்களில், அவருக்கு முகம் மழித்துவிட்டது சித்தப்பாதான். வேறு யார் கை பட்டாலும் அப்பாவுக்குப் பிடிக்காது. அண்ணனின் தாடையை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பட்டறைக் கதைகளைச் சொல்லிக்கொண்டே மழிப்பார். அந்த வாரங்களை நினைக்கும்போதெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் கடவுளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சித்தப்பாவின் மகள் மம்பாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்தவள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பழைய கேமராவில் எடுப்பதுதான் இப்போது அவள் தோழிகளிடையே நாகரிகமாம். எப்போதோ அத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போன அந்த வெள்ளிக் கேமராவை அலமாரியிலிருந்து தேடி எடுத்தாள். வேலை செய்யவில்லை. ஈப்போவில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன்.

“பழைய பேட்டரிய உள்ளயே விட்டுட்டியா? கசிஞ்சிருக்கும். காது குடையற பஞ்சுல லேசா வினிகர் தொட்டுத் தொடச்சு, நல்லா காய வை. புது பேட்டரி போடு. ரிமோட்டுல கிடந்தது வேணாம், அது இழுக்காது,” என்றார். மறுநாள் அப்படியே செய்தோம். திரை எரிந்தது. பிறகு கார்டு லாக் என்றது. மறுபடி போன் போட்டேன்.

“கார்டு ஓரத்துல பொடியா ஒரு பட்டன் இருக்கும். நகத்தால மேல தள்ளு.”

தள்ளினேன். சரியாகிவிட்டது.

“இது தானா கீழ எறங்கிருமா அத்த?”

“தானா எப்படிம்மா எறங்கும்? யாராச்சும் தள்ளினாத்தான்.”

“உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?”

“பேக்டரில பெட்டியில போடுறதுக்கு முன்ன கேமராவ டெஸ்ட் பண்றதுதானே என் வேல. நீங்க யாரும் கேட்டதில்லயே.”

“அப்ப அன்னைக்கு? பேட்டரி?”

“நாந்தான் பழசப் போட்டு வச்சேன்.”

“லாக்கு?”

“அதுவும் நாந்தான்.” இப்போது சிரித்தார். “லென்ஸு மட்டும் நெசமாவே மாட்டிக்கிச்சு. எனக்கு உசுரே போச்சு. ஓடிப் போய்ப் புடுங்கலாம்னு பாத்தேன். அப்பத்தான் பெரியண்ணன் வாயத் தொறந்தாரு.”

ஏன் இருவரிடமும் நேரடியாகச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பேசுங்கன்னு சொன்னா பேசற ஆளுங்களா அவங்க? கையில ஒரு வேல குடுத்தா சேந்து செய்வாங்க. அது எனக்குத் தெரியும்.”

நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பதில், “சாப்பிட்டீங்களா அத்த?” என்றுதான் கேட்டேன். போனை வைத்த பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது. நான் அந்தப் படத்தை எடுத்த பிறகு, எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அத்தை மட்டும் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். விக்கி விக்கி அழுதார். நான் பின்னாலேயே போய்விட்டேன். கல்யாணமாகி ஊரைவிட்டுப் போவதை நினைத்து அழுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அவர் கையைப் பிடித்து, “அழாதீங்க அத்த, ஈப்போ ஒண்ணும் தூரம் இல்ல,” என்று தேற்றினேன்.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமாம்மா, பக்கந்தான்,” என்றார்.