செல்வியும் காணாமல்போன கூட்டல் குறியும்

குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன். "செல்வி போயிட்டாங்க" என்றார்கள். "ஊருக்கா?" என்று கேட்டேன். "இல்லம்மா, இறந்துட்டாங்க" என்றார்கள். மூன்று நாள் காய்ச்சலாம். போன வாரம்தானே என்னோடு பேசினாள்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தில்லி கிட்வாய் நகர்த் தமிழர்கள் பலருக்கு அவளைத் தெரியும். நம் தமிழ்ச் சங்கத்தின் ரத்ததான இணையப் பக்கத்தை நாங்கள் இருவரும்தான் செய்தோம். தேடுகிறவரின் ரத்தப் பிரிவையும் போன் எண்ணையும் இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் கோத்து சர்வருக்கு அனுப்பும் வரிகள் என்னுடையவை.

பிரசவத்துக்கு முன் எனக்கே ரத்தம் தேவைப்பட்டது. O+ என்று தேடினேன். "யாரும் இல்லை." பத்து முறையும் அதே பதில். கணவர் வெளிறிப்போனார். நானோ, கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன்.

செல்வி திருநெல்வேலிக்காரி. வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏட்டி, நெகட்டிவ்ல மூணு பேரு இருக்கான். பாசிட்டிவ் தில்லி முழுக்க ஒருத்தனுமா இல்ல?"

முதலில் சங்கத்தின் காகிதப் பட்டியலைப் பார்த்துப் போன் செய்து இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தாள். பிறகுதான் நிரலைத் திறந்தாள். முகவரியில் கூட்டல் குறியை அப்படியே அனுப்பினால் சர்வர் அதை வெற்றிடமாக எடுத்துக்கொள்ளும். அதற்கான குறியீடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். நான் மாற்றவில்லை. கிடைப்பதற்கு அரிது என்று நெகட்டிவை மட்டும்தான் சோதித்திருந்தேன். இரண்டு மாதமாகப் பாசிட்டிவ் கேட்ட எல்லோருக்கும் "யாரும் இல்லை" போயிருக்கிறது.

அழுதேன். "தப்பு ஒன்னோடதுதான். அழுது முடிச்சிட்டு மாத்து. மத்தத நா பாத்துக்கிடுதேன்" என்றாள். சர்வரில் பதிவாகியிருந்த பதினொரு போன் எண்களையும் தாளில் எழுதி, ஒவ்வொருவராக அழைத்து, "ரத்தம் கெடச்சிட்டா?" என்று கேட்டாள். பத்துப் பேருக்கு வேறு வழியில் கிடைத்திருந்தது. ஒருவர் எடுக்கவேயில்லை.

குழந்தை பிறந்த பிறகும் அந்த ஒருவருக்கு ரத்தம் கிடைத்ததா என்றே கேட்டுக்கொண்டிருப்பேன். "கெடச்சிருக்கும்ட்டி. பிள்ளையப் பாரு" என்பாள். தெரிந்துதான் சொன்னாளா? பால் கொடுக்கிறவள் பயப்படக் கூடாதென்று சொன்னாளா? இனி யாரிடம் கேட்பது?

நேற்று அவளுடைய அண்ணன் வந்தார். "அவ மேசையில இருந்துச்சும்மா, ஒங்க பேரு போட்டிருக்கு" என்று அந்தத் தாளைக் கொடுத்தார். பத்து எண்கள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. பதினொன்றாவதன் பக்கத்தில் வரிசையாக அவள் அழைத்துப் பார்த்த தேதிகள். கடைசித் தேதி போன மாதத்தது. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். தேதிகளுக்குக் கீழே இன்றைய தேதியை எழுதிவிட்டு, ரிசீவரை எடுத்தேன்.