தங்கை கைடு பார்த்த கதை

என் தங்கைக்கு ஸ்பானிஷ் இலக்கியத்தில் பி.எச்டி. செய்ய அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒரே வாரத்தில் இடம் கிடைத்தது. ஒன்று பெரிய பெயர். இன்னொன்று, மேப்பில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று, சொந்தக்காரர்களிடமெல்லாம் பெரிய பெயரையே சொல்லிவிட்டேன். அவள் மட்டும் இரண்டு இடத்துக்கும் பதில் எழுதாமல் இருந்தாள்.

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கால் சென்டரின் ஸ்பானிஷ் பிரிவில் உட்கார்ந்து, மெக்சிகோக்காரர்களின் கோபத்தை ஹெட்போனில் கேட்டுக் கேட்டே அந்த மொழிமேல் ஆசை வைத்தவள் அவள். திட்டு வாங்கிய மொழியில் கவிதை படிக்க அவளால்தான் முடியும். வேலைக்குப் போய்க்கொண்டே எம்.ஏ. முடித்தாள். இப்போது அந்த வேலையையும் விட்டுவிட்டு, முப்பது தாண்டிய வயதில் ஒரு கைடை நம்பிப் போகிறாள். கைடு சரியில்லையென்றால் அத்தனையும் பாழ்.

முன்பு அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, விசாரிக்கிறோம் பேர்வழி என்று பையன் வீட்டார் கைகாட்டிய ஆட்களிடமே விசாரித்துவிட்டு வந்தோம். எல்லாரும் தங்கமான பையன் என்றார்கள். நிச்சயதார்த்தத்தோடு நின்றுபோன கல்யாணம் அது. எங்கள் வீட்டு லட்சணம் அப்படி.

இரண்டு பல்கலைக்கழகங்களுமே, பேசிப் பாருங்கள் என்று சில மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்திருந்தன. அவள் அவற்றைத் தொடவே இல்லை.

"அவங்க குடுத்த ஆளுங்க நல்லாத்தான்கா சொல்லுவாங்க. பாதியில விட்டுட்டுப் போனவங்கள பிடிக்கணும்."

எப்படியோ இடத்துக்கு ஒருத்தியாக இரண்டு பேரைப் பிடித்தும் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் பேசினாள். ஸ்பானிஷ் தெரியாத நான் காபியோடு பக்கத்தில் உட்கார்ந்து முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பெயரை விட்டு வந்தவள் கையை ஆட்டி ஆட்டி நிறையப் பேசினாள். தங்கை ஏதோ ஒன்று கேட்டதும் சட்டென்று அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. சின்ன ஊரை விட்டு வந்தவளிடமும் அதையே கேட்டாள் போலிருக்கிறது. இந்தப் பெண் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னடி கேட்டே?"

"நீங்க விட்டுட்டு வந்தப்புறம் உங்க கைடு என்ன பண்ணாங்கன்னு கேட்டேன். இப்ப பேசினவங்க, அப்பாவுக்கு உடம்பு முடியாமதான் ஊருக்குப் போனாங்களாம். கைடு இன்னமும் போன் பண்றாங்களாம். அப்பா எப்படி இருக்கார்னுதான் முதல்ல கேப்பாங்களாம்."

"முதல்ல பேசினவ?"

"அங்க லைப்ரரி ரொம்ப நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விட மனமில்லை. "அவ்ளோ பெரிய பேரை வேணாம்னு யாராவது சொல்லுவாங்களாடி?"

"சும்மா டென்ஷன் ஆகாதே. அங்க போய் இருக்கப்போறது நான். நடுவுல நான் விழுந்தா என்ன பண்ணுவாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

அவள் விழக்கூடும் என்ற நினைப்பே எங்கள் யாருக்கும் வந்ததில்லை. அவளுக்கு வந்திருந்தது, அதற்காகப் போகாமல் இருந்துவிடவும் நினைக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சின்ன ஊருக்குச் சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.