எட்டாது என்று நான் சொன்னேன்

எனக்குத் தோற்கத் தெரியாது. சின்ன வயதில் கேரம் போர்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனவன் நான். நாற்பது தாண்டியபின் பொம்மைப் படைகளை வைத்துச் சண்டை போடும் ஆட்டத்தில் போய் விழுந்தபோது, என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "அங்கயாவது போர்டக் கவுத்துப்போடாதீங்க சாமி" என்றாள். கவிழ்க்கவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் ஒன்றைச் செய்தேன்.

ஆட்டம் பெரிய மர்மமொன்றும் இல்லை. கட்டைவிரல் உயரத்தில் வீரர்கள், குதிரைகள், பீரங்கிகள். அவரவர் படைக்கு அவரவரே வண்ணமடிக்க வேண்டும். பிளைவுட் பலகைமேல் தெர்மாகோலில் மலை, அட்டையில் வீடு. இருவர் எதிரெதிரே நின்று, டேப் வைத்து அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட வேண்டும். கோயமுத்தூரில் இதை ஆடுகிறவர்கள் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவோம். நான் காந்திபுரத்தில் பல் செட் செய்யும் லேபில் இருக்கிறேன். பல்லுக்குப் பல் நிறம் சேர்த்துப் பழகிய கை என்பதால், வண்ணமடிப்பதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது என்று ஒரு திமிர் இருந்தது.

அந்தத் திமிரை அடக்கியது காங்கேயத்துக்காரன் ஒருவன். என் வயதுதான். தேங்காய் உலர்த்தும் கொப்பரைக் களம் வைத்திருக்கிறான். முதல் போட்டிக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். திறந்தால், படையின் கொடிவண்டியை இரண்டு மயிலைக் காளைகள் இழுக்கின்றன! கடையில் வாங்கியதில்லை, ஒட்டுக் களிமண் பிசைந்து அவனே செய்தது. திமிலும் கழுத்தும் மட்டும் கருத்து, உடம்பு சாம்பல் வெள்ளை. அந்த நிறம் எனக்கு வராது. வெட்கத்தை விட்டு, "எப்படிங்க பண்ணுனீங்க?" என்று கேட்டேன். "களத்துல ரெண்டு நிக்குதுங்க. பாத்துட்டே அடிச்சேன்" என்றான். அன்று மாலைக்குள் பேச்சில் 'ங்க' போய் 'மாப்ள' வந்துவிட்டது.

இரண்டு வருடம், மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு மொட்டைமாடி அறையில் அவனும் நானும் ஆடினோம். நான் தோற்றால் பகடையைத் திட்டுவேன், பகடையை முடித்துவிட்டு அவனைத் திட்டுவேன். அவன் சிரித்துக்கொண்டே முறுக்கை என் பக்கம் தள்ளுவான். "தின்னுபோட்டுத் திட்டு மாப்ள, சத்து வேணும்ல." எனக்கு அப்படி ஒரு சிநேகிதன் அதற்குமுன் அமைந்ததில்லை. என் கோபத்தைப் பார்த்து ஒதுங்காத ஒரே ஆள் அவன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. சொல்லி வைப்பது என்போம். பொம்மையை வைக்கும்போதே, "இத உன்ற பீரங்கிக்கு எட்டாம வெக்கறேன், எட்டாதுல்ல?" என்று கேட்க வேண்டும். எதிராளி அளந்து பார்த்து "எட்டாது" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பிறகு பலகை ஆடலாம், முழங்கை இடிக்கலாம், பொம்மை அரை அங்குலம் நகரலாம். சொன்னது சொன்னதுதான். அச்சடித்த விதிப் புத்தகத்தில் இது கிடையாது. எங்களுக்கு டேப்பைவிட வாய்ச்சொல் பெரிது.

போன வருடம் பெங்களூரில் ஒரு பெரிய போட்டி. ஊருக்கு நாலு பேர் அணி. மூன்று பேர் முடிவாகி, மிச்சம் ஒரு இடம். அதற்காக இங்கே ஒருநாள் போட்டி வைத்து, ஜெயிப்பவருக்கு இடம் என்றார்கள். இருவருக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. "நீ ஜெயிச்சா உன்ற பொட்டியத் தூக்கீட்டு நான் வாரேன். நான் ஜெயிச்சா நீ வந்து தூக்கு" என்றான். சரி என்றேன். மனசுக்குள் மட்டும், நான் எவன் பெட்டியையும் தூக்கமாட்டேன் என்று ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை நான் எதிலும் முதலாவதாக வந்தவனில்லை. அந்த ஆசை ஒரு பிசாசுபோல் பிடித்திருந்தது.

சாயிபாபா காலனியில் ஒரு யோகா வகுப்பு ஹாலில் போட்டி. கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும். கடைசிச் சுற்றில், அவன் கொடிவண்டி மட்டும் தப்பித்தால் அவனுக்கு வெற்றி. என்னிடம் ஒரு பீரங்கி, முப்பது அங்குலம் எட்டும். அவன் வண்டியைப் பின்னால் இழுத்து, மலையோரம் வைத்தான்.

"மாப்ள, இத உன்ற பீரங்கிக்கு எட்டாம வெக்கறேன். பாரு."

டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். மயிரிழையில் முப்பதுக்கு வெளியேதான் இருந்தது. "எட்டாது" என்றேன்.

அவன் மற்ற பொம்மைகளை நகர்த்த எம்பியபோது சட்டைக்கை உரசி, வண்டி ஒரு நெல்மணி அளவு முன்னால் வந்தது. அவன் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். என் முறை வந்ததும் மறுபடி டேப்பை எடுத்தேன். "உள்ளதான்டா இருக்குது" என்றேன்.

அவன் முதலில் சிரித்தான். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். "டேய், சொல்லி வெச்சேன்ல" என்றான். அதற்குள் போட்டியை நடத்திய கல்லூரி வாத்தியார் வந்துவிட்டார்.

"என்னங்க, சொல்லி வெச்சாருங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். எதிராளியைக் கேட்பதுதான் முறை. எதிராளி பொய் சொல்லமாட்டான் என்று எங்களுக்கு அத்தனை நம்பிக்கை.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. அவன் ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, வாத்தியாரிடம் திரும்பினான். "உடுங்க சார். அவன் அப்படிச் சொன்னா அப்படியே இருக்கட்டும்."

பகடையை உருட்டினேன். பாழாய்ப்போன பகடை, இரண்டு வருடம் என் பேச்சைக் கேட்காதது, அன்று ஆறு விழுந்தது. அவன் காளை வண்டியை எடுத்துப் பெட்டியில் வைத்து, கை கொடுத்தான்.

கூத்து அதோடு முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் நடத்தைக்குப் பத்துக்கு எத்தனை என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் மரியாதை தெரியுமே, யாரும் யாருக்கும் பத்துக்குக் குறைத்துப் போட்டதில்லை. அவன் எனக்கு எதையும் எழுதாமல் வெறும் சீட்டாகக் கொடுத்திருக்கிறான். மூன்று ஆட்டம் ஆடிய அசதியில் மறந்துவிட்டான் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். "மறந்துட்டாராட்ட இருக்குதுங்க, நானே பத்து போட்டுட்டேன்" என்று என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார். முதல் இரண்டு ஆட்டத்திலும் எனக்குப் பத்து. அப்புறம் என்ன? முதல் பரிசோடு, அன்றைய நல்ல ஆட்டக்காரருக்கான கோப்பையையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, "ரொம்ப நன்றிங்க" என்றேன். தூ!

பெங்களூருக்குப் போனேன். ஐந்து ஆட்டத்திலும் தோற்றேன். ஒருதடவைகூட பகடையைத் திட்டவில்லை. என் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய், நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவன் பேசாமல் இருக்கவில்லை. போன் செய்தால் எடுத்தான். கொப்பரை விலை, மழை, பெண்ணின் படிப்பு எல்லாம் பேசினான். ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்றால் மட்டும் களத்தில் வேலை இருந்தது. நாலு மாதம் பொறுத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் காங்கேயத்துக்கே போய்விட்டேன்.

"வாங்ணா, இப்பத்தான் ஊட்டு நெனப்பு வந்துச்சுங்களா?" என்று அவன் மனைவி வரவேற்றார். அவர் முகத்தில் எதுவும் இல்லை. அவன் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று புரிந்ததும் எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது.

களத்தில், காயும் கொப்பரைக்கு நடுவே நின்று சொன்னேன். "எனக்கு ஞாபகம் இருந்துச்சுடா."

"தெரியும்" என்றான்.

"வண்டி நகந்ததையும் பாத்தேன். வாத்தியார்கிட்டச் சொல்லிர்றேன். எல்லாருக்கும் சொல்லிர்றேன்."

"சொன்னாச் சொல்லு, சொல்லாட்டிப் போ. எனக்குக் கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு மாப்ள. சத்தியமா." குனிந்து ஒரு தேங்காய் மூடியைத் திருப்பிப் போட்டான். பொய் சொல்லவில்லை. அவன் கோபம் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அப்பறம் என்ன? ஞாயித்துக்கெழம வாடா. கால்ல வேண்ணாலும் உளுகறேன்."

அவன் இன்னொரு மூடியைத் திருப்பிப் போட்டான். பிறகு, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னான்.

"உன்கூட வெளையாண்டா, இனி நீ எட்டாதுன்னு சொன்னதுக்கப்பறமும் நான் ஒருக்கா அளந்து பாப்பேன்டா. பாக்கக் கூடாதுன்னு நெனச்சாலும் கை தானாப் போயிரும். உன்ன எதுத்தாப்ல நிக்க வெச்சுட்டு எனக்கு அப்படி வெளையாட முடியாது."

சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். பைக்கில் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவந்து விட்டு, கண்டக்டரிடம் நான் இறங்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, பஸ் எடுக்கும்வரை ஜன்னலுக்குக் கீழேயே நின்றான். "போய்ச் சேந்துட்டு ஒரு போன் பண்ணு" என்றான். நான் சரி என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, கண்டக்டரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, இவரக் காந்திபுரத்துல எறக்கி உட்டுருங்க" என்று இன்னொருதடவை சொல்லி வைத்தான்.