வரிசை நாலு, வீடு பதினேழு

மகள் பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். மன்னாருக்குத் திரும்பியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அங்கே பிறந்தவள் என்பதால் இலங்கைக் குடியுரிமைப் பத்திரம் எடுக்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தேன். மூன்று வருடம் போய்விட்டது.

பத்திரம் இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுத முடியாது. பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது.

மாதத்தில் ஒரு நாள் கடலுக்குப் போகாமல், பத்திரம் கேட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போவேன். "கொழும்பிலயிருந்து வரும், பொறுங்கோ" என்பார்கள். பொறுப்பேன். வாசல் மரநிழலில் ஒரு கழுதையும் நிற்கும்.

அந்த முறை மகளும் வந்தாள். கழுதையைப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்குப் பத்திரம் இருக்கோ?"

"இது இஞ்ச பிறந்தது."

"குடுத்து வைச்சது" என்றாள்.

உள்ளே, கதிரையில் புதிதாக ஒரு பிள்ளை இருந்தாள். வேலைக்கு வந்து ஏழு நாள், ஒரு கிழமைதானாம். பொறுங்கோ என்று சொல்ல இன்னும் பழகவில்லை. நேரே கொழும்புக்கு போன் எடுத்தாள். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஐயா, உங்கட கலியாணப் பதிவு கேட்டு மூண்டு கடிதம் போட்டிருக்கினமாம். நீங்கள் பதில் போடேல்லையாம்."

"ஒண்டும் வரேல்லைப் பிள்ளை."

"வரிசை நாலு, வீடு பதினேழு. கடைசியில இந்தியா எண்டு கிடக்காம். ஆர்ட விலாசம் இது?"

முகாமில் எங்கள் வீடு அது. அரிசிக்கும் ஆள் கணக்குக்கும் இருபத்தாறு வருடம் அதைத்தான் எழுதினேன். விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். எழுதிக் கொடுக்கிறவரிடம் போவோம் என்று மனைவி சொன்னாள். எனக்கு எழுதத் தெரியும் என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாங்கள் வந்திட்டம் அப்பா. உங்கட கை இன்னும் வரேல்லை."

வீட்டுக்கு வந்து முகாமுக்கு போன் எடுத்தேன். பதினெட்டாம் வீட்டு அக்கா இன்னும் அங்கேதான்.

"ஓம் தம்பி, மூண்டு கடிதமும் கிடக்கு. அரிசி வாளிக்குள்ள கவனமாய் வைச்சிருக்கிறன்."

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"எப்பிடியும் திரும்பி வருவியள் எண்டு நினைச்சன்."

மனைவி அலுமாரியைத் திறந்து கலியாணப் பதிவை எடுத்தாள். பதில் எழுதப் பேனையை மகளிடம் கொடுத்தாள். நான் அதைக் கேட்கவுமில்லை.

பத்திரம் ஏழு கிழமையில் வந்தது. மூன்று வருடம் பொறுத்தவனுக்கு அது நம்பச் சிரமமாக இருந்தது. பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்க அடையாள அட்டையும் வந்தது.

பரீட்சை அன்று மகளைச் சைக்கிளில் ஏற்றிப் போனேன். வாசலில் நின்ற ஆசிரியர் அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு, போகச் சொன்னார். அவள் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா, வீட்டுக்குப் போக விலாசம் தெரியுமோ?"

"ஓம், போ" என்றேன்.