மாமா பாடமாக்கிய கயானா

தென் அமெரிக்க நாடு ஒன்றைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது, நான் பிரேசிலைக் கேட்கத்தான் இருந்தேன். அப்பா விடவில்லை. "கயானாவைக் கேள்" என்றார். என் படிப்பில் அதுவரை தலையிடாதவர், நூலகத்துக்கும் கூடவே வந்தார்.

காரணத்தை யாரும் என்னிடம் ஒளிக்கவில்லை. அம்மாவின் தம்பி பாங்கொக்கில் ஓர் அறையில் அடைந்து கிடந்தார். கனடாவுக்கு விமானம் ஏற அவருக்கு ஏஜென்ட் கொடுத்திருந்தது ஒரு கயானாக்காரரின் பாஸ்போட். விமான நிலையத்தில் கேள்வி கேட்டால் அந்த ஊர்க்காரராகவே பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் கொழும்புக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கே இறங்கினால் நேரே சிறை. கனடாவில் இறங்கிவிட்டாலோ, சொந்தப் பெயரைச் சொல்லி அகதியாகப் பதிந்துகொள்ளலாம்.

கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ட். சனிக்கிழமை காலை அப்பா மாமாவை அழைத்து, தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டார். நான் வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று வாசித்தேன். தலைநகர் ஜோர்ஜ்டவுன், டெமராரா ஆறு கடலில் கலக்கும் இடம். கரையோரம் கடல் மட்டத்தைவிடத் தாழ்வு, அதனால் நீளமாக ஒரு கடற்சுவர். உள்ளே போகப் போகக் காடு. முதலில் ஒல்லாந்தர் ஆண்டார்கள், பிறகு ஆங்கிலேயர்.

"எங்கடை யாழ்ப்பாணம் மாதிரியே கிடக்கு" என்றார் மாமா.

கரும்புத் தோட்டங்களில் முதலில் ஆபிரிக்க அடிமைகள், பிறகு இந்தியாவிலிருந்து கூலிகள் என்று தொடர்ந்தேன்.

"அதிலை எங்கடை ஆக்களும் போனவையோ?"

"ஓம் மாமா. மட்ராஸிலை இருந்தும் கப்பல் போனதாம்."

பிறகு அப்பா அதிகாரியானார். ஆங்கிலத்தில், முரட்டுக் குரலில் கேட்டார். தலைநகர்? ஆறு? மொழி? மாமா ஒவ்வொன்றுக்கும் பட்டென்று பதில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திடீரென அப்பா, என் கட்டுரையில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "நீச்சல் எங்கே பழகினாய்?"

"பருத்தித்துறை" என்றார் மாமா.

அது யாழ்ப்பாணத்துக் கடலோர ஊர்.

"போச்சு! உதிலைதான் பிடிபடப் போறாய்" என்றார் அப்பா.

"அவனை ஏசாதேங்கோ. பயத்திலை வாயிலை வந்திட்டுது" என்றார் அம்மா.

"அங்கையும் பயத்திலைதான் நிப்பான்!"

ஸ்பீக்கரில் மாமாவின் குரல் சன்னமாக வந்தது. "பிள்ளை, திரும்ப ஒருக்கா வாசியுங்கோ."

அவர் விமானம் ஏறுவதாக இருந்ததற்கு மறுநாள்தான் நான் வகுப்பில் பேசினேன். ஆசிரியை பாராட்டிய செய்தியோடு வீட்டுக்கு ஓடி வந்தால், அடுப்பு மூட்டப்படவில்லை. அப்பா வேலைக்குப் போகவில்லை. என் வரைபட அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொலைபேசி அடித்தபோது அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், தொடவில்லை. அப்பாதான் எடுத்தார்.

"இறங்கிட்டியோ? உன்ரை பேரைச் சொல்லிட்டியோ? சொந்தப் பேரை?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா வீட்டுக்கு வந்த அன்று, புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தவரின் முன்னால் அட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"மாமா, ஜோர்ஜ்டவுன் எந்த ஆத்தங்கரையிலை?"

அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியாது, பிள்ளை" என்று சொல்லிவிட்டு, ஆறுதலாக அடுத்த கவளத்தை எடுத்தார்.

அவ்வளவு கவனமாகச் சொல்லிக்கொடுத்ததை அதற்குள் மறந்துவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்தது. தெரியாது என்று சொல்லக்கூடிய ஓர் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்திருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.