சார்ஜ் வாங்க மறுத்த பற்றரி

பற்றரிக்கும் குளிரும் என்றால் ஊரில் இருந்து வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். மொன்றியலில் அதை நான் ஐம்பத்திரண்டு வயதில் கற்றேன். மனைவியைப் பிரிந்தபின், அஹுன்ட்சிக் பக்கத்துத் தெருவொன்றில் நிற்கும் பழைய காம்பர் வான்தான் என் இருப்பிடம். அதன் டீசல் ஹீற்றரின் விசிறி சுழல லித்தியம் பற்றரி வேண்டும். உறைநிலைக்குக் கீழேயும் அது மின்சாரம் கொடுக்கும்; ஆனால் சார்ஜ் வாங்காது. உள்ளே இருக்கும் சின்ன எலெக்ட்ரோனிக் காவல் பலகை அதை மறித்துவிடும். என்னைப் போலவே ஒரு வீம்புப் பிறவி.

அந்தச் சனிக்கிழமை என் மகள் அபி முதன்முறையாக என்னோடு தங்குவதாக இருந்தது. பதினொரு வயது. வான் சூடாக இருக்க வேண்டும் என்பதுதான் தாயின் ஒரே நிபந்தனை. வெள்ளி காலை பார்த்தால் பற்றரி வெறுமை. வெளியே மைனஸ் இருபது. எஞ்சினை ஓடவிட்டும் சார்ஜ் ஏறவில்லை. வானை விற்ற கியூபெக் கிழவருக்குப் போன் எடுத்தேன்.

“அது நோர்மல், மெஸ்யூ. வீட்டுக்குள்ளே கொண்டுபோய் வையுங்கள். நாளைக்குச் சரியாகிவிடும்.”

எந்த வீட்டுக்குள்ளே? கேட்க வெட்கமாக இருந்தது. “மெர்ஸி” என்று நன்றி சொல்லிப் போனை வைத்தேன். வேலை செய்யும் டவுன்டவுன் சமையலறையில் வைக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார்கள்; வானில் வசிப்பதை அங்கே ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில், செத்த ரோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். சைக்கிளைக் கவிழ்த்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். ஒரு பொருள் மாட்டேன் என்றால் விட்டுவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. மூடியைக் கழற்றி, காவல் பலகையைத் தாண்டி ஒரு வயரை இழுத்து, நேரடியாகச் சார்ஜ் கொடுத்தேன். ஏறியது! தனியே இருந்து விசிலடித்தேன்.

மறுநாள் அபி வந்ததும் ஹீற்றரைப் போட்டேன். விசிறி நாலு சுற்றுச் சுற்றி நின்றது. உறைந்த பற்றரிக்குள் சார்ஜைத் திணித்தால் அது செத்துப்போகுமாம். காவல் பலகை மறித்தது அதைக் காப்பாற்றத்தான். அன்றுதான் வாசித்து அறிந்தேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். என் கையாலேயே கெடுத்தேன்.

அபி ஜாக்கெட்டைக் கழற்றாமல் படுக்கையில் இருந்தாள். அவள் மூச்சு புகையாக வந்தது.

“பறவாயில்லை அப்பா, எனக்குக் குளிரேல்லை.”

அவளுடைய பற்கள் அடித்துக்கொண்டன. எனக்காக அவள் சொன்ன அந்தப் பொய்யைத் தாங்க முடியவில்லை.

“வாம்மா, அம்மாட்டைக் கொண்டுபோய் விடுறன்.”

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அபியும் தாயும் இருக்கும் கட்டடத்துக்கு இரண்டு கண்ணாடிக் கதவுகள். வெளிக்கதவு யாருக்கும் திறக்கும். உள்கதவுக்குத் திறப்பு வேண்டும். அது அபியிடம் இருந்தது.

“வான் சூடானாப் பிறகு வாறன், என்னப்பா?”

“ஓம்.”

உள்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. நான் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருந்த ரேடியேற்றரின் சூட்டில் கைகளை வைத்தபடி நின்றேன். சாமான் பைகளோடு வந்த ஒரு பெண், என்னையும் அங்கே குடியிருப்பவன் என்று நினைத்து, உள்கதவைத் திறந்து தோளால் பிடித்துக்கொண்டாள். “பொன்ஜூர்! வாருங்கள், மெஸ்யூ.”

“மெர்ஸி” என்றேன். அவள் போய்விட்டாள். நான் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை.